வானொலிச் சேவல்

அத்தியாயம் 6

'நான் செய்யவில்லை' என்று அழுகிறவர்களை நம்புவதும் நம்பாமலிருப்பதும் எனக்குப் பழக்கம். 'நான்தான் செய்தேன்' என்று அழாமல் சொல்கிறவளை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வானொலி நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் சௌமு தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"அன்னைக்குச் சாயங்காலம் மிஷினுக்கு அப்டேட் போட்டேன் அக்கா. அதுல கெட்டுப்போச்சு. விடியக்காலை எச்சரிக்கை போகல. நான்தான் காரணம்."

என் பின்னால் நின்றிருந்த மஷாகா மெதுவாகச் சீட்டியடித்தான். மோட்டார் பைக் ஓட்டுகிறவன். நான் எங்கே போனாலும் என்னை ஏற்றிக்கொண்டு போவான். நான் கேட்காமலே கருத்தும் சொல்வான்.

"இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கிட்டா போலீஸ்காரனே 'இன்னொரு தரம் யோசிச்சுச் சொல்லும்மா'ன்னு சொல்லுவான்" என்றான்.

"வாயை மூடு மஷாகா."

எங்கள் மீனவ ஊரான கிடுலேனியின் வானொலி என்பது ஓர் அறை, ஒரு கம்பம், ஒரு பழைய மடிக்கணினி. மடிக்கணினி யாரோ எங்கோ வேண்டாமென்று கழித்தது, கம்பியைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடும். அதில் வேறு எதைப் போட்டாலும் மூச்சு வாங்கும் என்று சௌமு எடை குறைந்த ஒரு லினக்ஸைப் போட்டு, தன் கைபேசியிலிருந்து இணையம் கொடுத்து, வாராவாரம் புதுப்பித்து வந்தாள். ஓடுகிறதை ஏன் தொடுகிறாய் என்று நிலையக் குழுவில் கேட்பார்கள். தொடாமல் விட்டால் ஒரு நாள் தொட முடியாமலே போய்விடும் என்பாள். எதைப் புதுப்பித்தாலும் பழையதன் நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் புதுப்பிப்பாள். அந்தக் கணினி இரவெல்லாம் பாட்டுப் போடும். விடியலில், மிஷினின் ஐந்து மணிக்கு, தானாகவே ஒரு சேவல் கூவும். பதிவு செய்த சேவல்தான். பிறகு வணக்கம், பிறகு கடல் நிலவரம். அதைக் கேட்டுவிட்டுத்தான் படகுகள் போகும்.

போன வாரம் தெற்குக் காற்று எழுந்த நாளில் அது பேசவில்லை. கடற்கரையில் எல்லோருடைய பெட்டியிலும் பாட்டுத்தான் ஓடியது. எச்சரிக்கை இல்லையே என்று படகுகள் போயின. மகாமேயின் படகு பவளப்பாறையில் மோதி, அவன் தம்பி கோம்போவின் வலது கை படகுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. டாங்கா நகரத்து ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இன்று பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் குழு கூடுகிறது. சௌமுவை நிலையத்தை விட்டு வெளியேற்றுவார்கள். தலைவர் சாண்டே என்னை வரச்சொல்லியிருந்தார். "ஒத்துக்கிட்டா, சரி. ஆனாலும் நீ ஒரு தரம் தூக்கிப் பாரு சிவேமா. நாளைக்கு யாரும் அநியாயம்னு சொல்லக் கூடாது."

தூக்கிப் பார்ப்பதுதான் என் தொழில். ஓய்வு பெறும்வரை எடை அளவு ஆய்வாளராக இருந்தேன். சந்தை சந்தையாகப் போய்த் தராசுகளைச் சோதித்தேன். அதன் பிறகு ஊரில் மோதிரம் தொலைந்தாலும் கணவன் தொலைந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். குற்ற உணர்ச்சிக்கும் எடை உண்டு. சௌமுவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பில் அது நிஜமாகவே இருந்தது. அவள் சொன்ன கதையில்தான் அந்த எடை இல்லை.

"கெட்ட மிஷினை எப்படிச் சரி பண்ணின?"

"அணைச்சுத் திரும்பப் போட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மேசையிழுப்பறை பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு சிறிய திருப்புளியும், சட்டைப் பொத்தான் அளவில் உறை பிரிக்காத ஒரு பேட்டரியும் கிடந்தன. நான் பார்ப்பதைப் பார்த்ததும் அவள் இழுப்பறையை மூடினாள்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. மகாமே, கையில் ஒரு தூக்குப் பாத்திரம்.

"தேங்காய்ப்பால் ஊத்தி மரவள்ளிக் கிழங்கு. சாப்பிடு தங்கச்சி" என்று ஜன்னல் திண்டில் வைத்தான். அவன் குரல் யாரையும் தொடாமல் போயிற்று. அவனும் இந்த வானொலியில் மாலை நிகழ்ச்சி நடத்துகிறவன். மீனவர்களுக்கு வாழ்த்துச் சொல்லிப் பாட்டுப் போடுவான். விபத்துக்குப் பிறகு மைக்கைத் தொடவில்லை. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். "நாலாச்சு. படகு வேலை கிடக்கு."

கணினித் திரையின் மூலையில் பத்து என்று இருந்தது. எங்கள் ஊரில் இதில் யாருக்கும் குழப்பம் இல்லை. நாங்கள் விடிந்ததிலிருந்து பகலையும், இருட்டியதிலிருந்து இரவையும் எண்ணுவோம். மிஷின்கள் நள்ளிரவிலிருந்து எண்ணும். நடுவில் இருக்கும் ஆறைக் கூட்டுவதும் கழிப்பதும் எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. சிலர் கைக்கடிகாரத்தையே எங்கள் கணக்கில் திருப்பி வைத்துக்கொள்வதுண்டு.

அவன் போன பிறகு மஷாகா தலையை ஆட்டினான்.

"தினமும் கொண்டு வர்றாராம். தம்பி கையை வாங்கினவளுக்குச் சாப்பாடு! என் மச்சானுக்கு நான் ஒரு தட்டு உடைச்சேன், இன்னி வரைக்கும் தண்ணி கூடத் தரமாட்டேங்கறான்."

ஊர் முழுக்க மகாமேயின் பெரிய மனசைத்தான் பேசிக்கொண்டிருந்தது. நானும் அப்போது அதை மனசு என்றே நினைத்தேன்.

*

கடற்கரைத் தேநீர்க் கடையில் மஷாகா எண்ணெயில் பொரித்த மந்தாசியைத் தேநீரில் முக்கிக்கொண்டே ஏங்கினான்.

"என்ன இருந்தாலும் தாட்டு அக்கா வெச்ச சேவல் குழம்பு மாதிரி வராது."

"தாட்டு சேவலை அறுத்தாளா? அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தாளே."

"அபசகுனம் அக்கா! நடு ராத்திரியில கூவிச்சாம். மறுநாள் காலையில படகு உடைஞ்சுது. சேவல்தான் காவு கேட்டுதுன்னு அன்னைக்கு மத்தியானமே சட்டியில போட்டுட்டாங்க. நான் அந்தப் பக்கம் போனேன், ஒரு கால் குடுத்தாங்க. பாவம் பாக்காம சாப்பிட்டேன்."

என் தேநீர் பாதி வழியில் நின்றது.

"படகு உடைஞ்சதுக்கு முந்தின ராத்திரியா?"

"ஆமா. ஏன்?"

"வண்டியை எடு."

"அக்கா, அதைத் தின்னாச்சு. எலும்பு கூட மிச்சமில்ல. என்னத்தைப் போயி விசாரிக்கப் போறீங்க?"

தாட்டுவின் வீடு நிலையத்துக்கு இரண்டு சந்து தள்ளி. முற்றத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சேவல் என்றதும் துருவலை நிறுத்தி, காங்காத் துணி முனையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அதைப் பத்திப் பேசாத சிவேமா. கத்தியை எடுத்துக்கிட்டுப் போறேன், தீனி போட வர்றேன்னு நெனச்சு ஓடி வருது."

"அது கூவும்போது மணி என்ன இருக்கும்?"

"ராத்திரி அஞ்சு இருக்கும். தூக்கம் நல்லாப் பிடிச்ச நேரம்."

"சும்மா கிடந்தது திடீர்னு கூவிச்சா?"

அவள் யோசித்தாள். "இல்ல. மொதல்ல வேற ஒண்ணு கூவிச்சு. கொஞ்சம் கனத்த குரல். அதுக்கப்புறம்தான் என்னோடது எந்திரிச்சு பதில் குடுத்துச்சு. அதுக்குத்தான் யாராவது கூவினா பொறுக்காதே."

"அந்த இன்னொரு சேவல் யார் வீட்டுது?"

"தெரியல. இந்தச் சந்துல வேற சேவலே கிடையாது." சொல்லிவிட்டு அவளே நிமிர்ந்தாள். "ஆமா, எங்கிருந்து கூவிச்சு?"

"ராத்திரியில ரேடியோவை அணைப்பியா?"

"இல்ல. பாட்டு இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. தலைமாட்டுலதான் இருக்கும்."

மஷாகா தன் வயிற்றை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அக்கா" என்றான் தாழ்ந்த குரலில், "ஊருக்கே இருந்த ஒரே சாட்சி. நான் தின்னுட்டேன்."

தாட்டு என் பக்கம் திரும்பினாள். "அப்ப அது ஒண்ணும் தப்புப் பண்ணலயா? ரேடியோ கூவினதுக்குத்தான் பதில் சொல்லிச்சா?" துருவிய தேங்காயை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் கொண்டுவந்த உண்மை அவளுக்கு ஒன்றையும் திருப்பித் தரவில்லை. ஒரு சேவலைக் கொன்றவளாக இருந்தவளை, நிரபராதியைக் கொன்றவளாக ஆக்கிவிட்டு எழுந்தேன்.

பைக்கில் ஏறும்போது மஷாகா கேட்டான். "அப்ப மிஷின் கெட்டுப் போகலயா?"

"கெட்டுப்போன தராசு எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு தரம் கூடக் காட்டும், ஒரு தரம் குறைச்சுக் காட்டும். எப்பவும் ஒரே அளவு தப்பா காட்டற தராசு கெட்டதில்ல. யாரோ அப்படி வெச்சது. அந்த மிஷின் சேவலைக் கூவ வெச்சிருக்கு, எச்சரிக்கையையும் சொல்லியிருக்கு. எல்லாம் வரிசையா, ஆறு மணி நேரம் முன்னாடி."

"ஆறா?" என்றான். எங்கள் ஊர்க்காரனுக்கு அந்த எண்ணை விளக்க வேண்டியதில்லை. அவன் முகத்தில் சிரிப்புப் போய்விட்டது. "யாரோ நம்ம கணக்குல மணி வெச்சிருக்காங்க."

"சாயங்காலம் ஒரு மணின்னு வெச்சுக்கோ. மிஷின் அதை நடு ராத்திரி தாண்டின ஒரு மணின்னு எடுத்துக்கிட்டு, அங்கிருந்து எண்ணியிருக்கு. அதோட அஞ்சு மணி நம்ம ராத்திரி அஞ்சு மணிக்கே வந்துடுச்சு."

அந்த ஒரு இரவு மட்டும் மிஷின் எங்களோடு சேர்ந்து எண்ணியிருக்கிறது. அதனால்தான் ஒருவனுக்குக் கை போயிற்று.

*

சௌமு அதே நாற்காலியில்தான் இருந்தாள். தூக்குப் பாத்திரம் திறக்காமல் இருந்தது. மஷாகாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"சௌமு, மிஷின் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியிருக்கு. ராத்திரி அஞ்சு மணிக்கு. தாட்டு வீட்டுச் சேவல் அதுக்குப் பதிலும் சொல்லியிருக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தச் சின்ன பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"கரண்ட் இல்லாதப்ப மணியை ஞாபகம் வெச்சுக்க இது வேணும் அக்கா. உள்ள இருக்கறது எப்பவோ செத்துப்போச்சு. புதுசை வாங்கி வெச்சிருந்தேன். அடுத்த வாரம் மாத்தலாம், அடுத்த வாரம் மாத்தலாம்னு... அப்டேட் போட விரல் போதும். இதுக்குப் பிரிச்சு மாட்டணும். கண்ணுக்குத் தெரியறதை எல்லாம் புதுசா வெச்சுக்கிட்டு, இந்தப் பொத்தானை விட்டுட்டேன்."

அன்று அவள் எச்சரிக்கையைப் பதிவு செய்து விடியல் வரிசையில் வைத்துவிட்டு, மாமன் மகளின் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். இருட்டு விழுந்ததும், மாலை அறிவிப்புக்கு முன்னால், கரண்ட் போனது. திரும்பி வந்தபோது மிஷின் எழவில்லை. கருப்புத் திரையில் தேதியும் மணியும் கேட்டுக்கொண்டு நின்றது.

"போன் பண்ணிக் கேட்டாங்க. கல்யாண வீட்ல ஒரே தாளம், சத்தம். 'ஒண்ணுமில்ல, தேதியும் மணியும் போட்டு எண்டர் தட்டுங்க'ன்னு கத்தினேன். எந்த மணின்னு சொல்லல. எச்சரிக்கை இருக்குன்னும் சொல்லல. திரும்பப் போய் மருதாணிக்குக் கையை நீட்டிட்டேன்."

"நெட் இருந்தா மிஷின் தானா மணியைச் சரி பண்ணிக்காதா?"

"நெட்டே என் போன்தான் அக்கா. அதுவும் கல்யாண வீட்லதான் இருந்துச்சு." உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். மருதாணி இன்னும் முழுசாகப் போகவில்லை.

"மணி போட்டது யாரு?"

என் கண் தூக்குப் பாத்திரத்தின் மேல் போயிற்று. மாலை நிகழ்ச்சி யாருடையது என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. காலை நாலு மணி காட்டிய அந்தக் கைக்கடிகாரமும்.

"அவருக்குத் தெரியாது அக்கா" என்றாள் அவசரமாக. "சத்தியமா தெரியாது. தம்பி கை போச்சு. அதுக்கு மேல இதையும் எப்படிக் குடுக்கறது? எனக்கு வேற ஊர் கிடைக்கும். அவருக்கு வேற தம்பி கிடைப்பானா? நீங்க சொல்லக் கூடாது."

நான் வாக்குக் கொடுக்கவில்லை. மறுக்கவும் இல்லை. வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். இத்தனை வருஷமும் உண்மை என்பது தட்டில் வைக்கும் எடைக்கல் என்று நினைத்திருந்தேன். வைத்தால் முள் நிற்கும், வேலை முடிந்தது. அந்தக் கல்லை யார் தலையில் வைக்கிறோம் என்று சந்தையில் ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

*

வாதுமை மரத்தடியில் குழு கூடியது. சாண்டே தொண்டையைச் செருமினார். ஓரமாக சௌமு. எல்லோருக்கும் பின்னால், பெஞ்சில் இடமிருந்தும் உட்காராமல், மகாமே.

நான் எழுந்து பாதியைச் சொன்னேன். அப்டேட் எந்தத் தப்பும் செய்யவில்லை. மிஷின் பேசியது, வேறு நேரத்தில் பேசியது. கடிகார பேட்டரி செத்திருந்தது, கரண்ட் போனதும் மணி தவறிவிட்டது. சேவல் கதையைச் சொன்னபோது சிரிப்பு எழுந்து, தாட்டுவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிற்று.

"அப்ப மணி தானாத்தான் தப்பாச்சா?" என்று கேட்டார் சாண்டே.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா" என்றேன். "தானாத்தான்."

என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் கள்ள எடை. நாக்கில் துரு மாதிரி இருந்தது. சௌமு நன்றியோடு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் மோசமாக இருந்தது.

"தானா தப்பாகிற கடிகாரம், சரியா ஆறு மணி நேரம் தப்புமா அக்கா?"

பின்னாலிருந்து வந்த குரல் சத்தமாக இல்லை. ஆனால் எல்லோரும் திரும்பினார்கள்.

"சந்தையில இப்படித்தான் எடை பாத்தீங்களா?" என்றான் மகாமே. நடந்து முன்னால் வந்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றி சாண்டேயின் முன் வைத்தான். "ஒரு மணின்னு போட்டது நான். சௌமு போன்ல சொன்னா, போட்டேன். இதைப் பாத்துத்தான் போட்டேன்."

"மகாமே அண்ணே..." என்று சௌமு எழுந்தாள்.

"நீ உக்காரு தங்கச்சி. நீ எனக்காக நிறையப் பேசிட்ட." அவன் எங்கள் யாரையும் பார்க்காமல் பேசினான். "ஆஸ்பத்திரியில நர்ஸ் கேட்டா, எத்தனை மணிக்கு அடிபட்டுச்சுன்னு. பன்னெண்டுன்னேன். அவ ஆறுன்னு எழுதினா. அவ எழுதறதைப் பாத்துக்கிட்டே நின்னேன். அப்பத்தான் புரிஞ்சுது. அன்னைக்குச் சாயங்காலமே ஊருக்கு வந்தேன், இங்க வந்து சொல்லணும்னு. வந்து பாத்தா இவ ஒத்துக்கிட்டா. எல்லாரும் என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. நீங்க கூடத்தான் தலைவரே." மூச்சு விட்டான். "எனக்கு நிம்மதியா இருந்துச்சு. மணி மாத்திப் போட்டது தெரியாம செஞ்சது. அந்த நிம்மதி தெரிஞ்சே பட்டது. தினமும் சாப்பாடு கொண்டு வந்து வெச்சா அது கரையும்னு பாத்தேன். கரையல."

மஷாகா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சாண்டே கடிகாரத்தைக் கையில் எடுத்தார், திருப்பினார், அதைத் திருப்பி மகாமேயின் கையிலேயே வைத்தார். சௌமுவை வெளியேற்றும் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. மகாமேயைப் பற்றியும் எடுக்கவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

சௌமு உள்ளே போய் மடிக்கணினியைக் கொண்டு வந்தாள். பெஞ்சில் கவிழ்த்து வைத்து, எல்லோர் முன்னாலும் திருப்புளியால் பிரித்தாள். செத்த பொத்தானை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினாள். தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அது எவ்வளவு சின்ன வேலை என்று எல்லோரும் பார்த்தார்கள். அதை அவர்கள் பார்க்க வேண்டும் என்றே அவள் செய்தாள்.

கம்பியைச் செருகியதும் திரை வந்து, தேதியும் மணியும் கேட்டது.

அவள் மிஷினை மகாமேயின் பக்கம் திருப்பினாள். "நீங்க போடுங்க அண்ணே."

அவன் விரல் விசைகளின் மேல் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான்.

"எந்த மணி?" என்று கேட்டான்.

"மிஷினோட மணி" என்றாள் சௌமு, ஒவ்வொரு சொல்லாக. அன்று தாளத்தின் நடுவே சொல்லியிருக்க வேண்டிய இரண்டு சொற்கள்.

மறுநாள் விடியலில் படுக்கையிலிருந்து எழாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு நின்றது. வானொலியில் சேவல் கனத்த குரலில் கூவியது. வணக்கம் வந்தது. பிறகு, ஒரு வாரம் கழித்து, மகாமேயின் குரல்: காற்று குறைவு, சிறிய படகுகள் போகலாம்.

நான் ஜன்னலைத் திறந்து தாட்டுவின் வீட்டுப் பக்கம் காது கொடுத்தேன். எந்தப் பதிலும் வரவில்லை.